சேர்ந்திசை வகுப்பு: ஆண்டு விழா இசை நாடகம்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த வருசம் நம் பிள்ளைகள் காலிங்கராயன் வாய்க்கால் கதையை 10 நிமிட இசை நாடகமாகப் போடுகிறார்கள். பவானியையும் நொய்யலையும் இணைத்து 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால். இன்றும் அதில் பாசனம் நடக்கிறது. ஒரு பாம்பு ஊர்ந்து போன தடத்தில்தான் வெட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான் நமக்குக் கதை.

பாம்பு வேசத்துக்குத் தனியாக யாரும் வேண்டாம். மொத்த வரிசையும் கைகோத்து வளைந்து வரும். ‘ஸ’வில் மெதுவாகத் தொடங்கி ஒவ்வொரு ஸ்வரமாக ஏறும். முன்னால் போகிற பிள்ளை நின்றால் எல்லாரும் அதே ஸ்வரத்தை நீட்டிக் கார்வை பிடிக்க வேண்டும். தண்ணீர் வரும் இடத்தில் கும்மி. கும்மியில் பாட்டு தானாக வேகம் எடுத்துவிடும், அதனால் தாளம் பிடிக்க ஜமாப் மேளம் அடிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒத்திகைக்கு வாங்க.

வசனமும் மெட்டும் பிள்ளைகளே கட்டட்டும், தயவுசெய்து யாரும் எழுதிக் கொடுக்காதீங்க. அப்புறம், வீட்டில் அப்பாரு, அம்மாயிக்கு நடவுப் பாட்டு தெரிந்தால் போனில் பதிவுசெய்து இங்கே போடுங்க. அதிலிருந்து மெட்டு பிறந்தால் ரொம்ப சந்தோசம்.

முதல் ஒத்திகை சனிக்கிழமை காலை 10 மணிக்கு, இசை அறையில்.