பையைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. மலையேற்றத்துக்குச் சுமக்கும், அலுமினியச் சட்டம் போட்ட பழைய கித்தான் பையை ஓரங்கட்டிவிட்டு, முக்கால் கிலோகூட வராத புதுப் பை வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. மாற்றுவதென்றால் பையைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும்.

அவ்வளவு இலேசான பைகளில் பலவற்றுக்குச் சட்டமே கிடையாது. முதுகுப் பக்கம் ஒரு நுரைத் தகடு, அவ்வளவுதான். 9, 10 கிலோ வரை சுகமாகச் சுமக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் பை நடுவில் மடிந்து சரியும். இடுப்புப் பட்டை பாரத்தை வாங்காது. எல்லாம் தோளில் தொங்கும். உன் கித்தான் டென்ட்டையும் தடித்த ஸ்லீப்பிங் பேக்கையும் அதில் திணித்துவிட்டு, பை சரியில்லை என்று திட்டுவாய். பழைய பை வெறுமையாகவே 2 கிலோ இருக்கும்தான். ஆனால் 18 கிலோவையும் இடுப்பெலும்பில் இறக்கிவிடும்.

முதலில் ஒரு சமையலறைத் தராசு எடு. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக ஒவ்வொன்றையும் கிராமில் நிறுத்து எழுது. பெரும்பாரம் டென்ட், ஸ்லீப்பிங் பேக், பை இந்த மூன்றில்தான் இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கை முதலில் மாற்று. வாத்துத் தூவி அடைத்தது 1 கிலோவுக்குள் கிடைக்கும். சுருட்டினால் பாதி இடம்தான். ஈரம்தான் அதற்கு எமன். நனைந்தால் தூவி கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், சூடு தங்காது. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டே பையில் வை. வீட்டில் சுருட்டி வைக்காதே, தளர்வாகத் தொங்கவிடு. கம்பளிச் சட்டையை மட்டும் விட்டுவிடாதே; ஈரத்திலும் ஓரளவு சூடு தரும், நாற்றமும் குறைவு.

அடுத்தது டென்ட். சிலிக்கோன் பூசிய நைலான் இலேசு, ஆனால் நனைந்தால் நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது, மழை பிடித்த ஒரு மணி நேரத்தில் தொய்ந்துவிடும். எழுந்துபோய்க் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டு. பாலியெஸ்டர் துணியில் இந்தத் தொல்லை குறைவு. கித்தான் மூச்சு விடும். நனைந்தால் நூல் உப்பி, துணியின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். நைலான் அப்படியல்ல. இரு முனையும் திறந்திராவிட்டால் உன் மூச்சே விடிகாலையில் உன்மேல் சொட்டும். கிழிந்தால் கித்தானுக்கு ஊசியும் மெழுகு நூலும் போதும். சிலிக்கோன் துணியில் சாதாரண டேப் ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்து, சிலிக்கோன் சீலன்ட் தடவி, அதே துணியில் ஒரு துண்டை ஒட்டி ஒரு நாள் காயவிடு.

பரணில் கிடக்கும், தண்ணீர் புகாதபடி பாலியூரித்தேன் பூசிய பழைய டென்ட்டைத் திறந்து முகர்ந்து பார். புளித்த வாந்தி வாடை அடித்து, கையில் பிசுபிசுத்தால் பூச்சு ஈரத்தில் சிதைந்துவிட்டது, தூக்கிப் போடு. பழைய ஷூவிலும் இதே கதை நடக்கும். மேல்தோல் பளபளவென்று இருக்கும், நடு அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே பொடிந்திருக்கும். கிளம்புமுன் கட்டைவிரலால் அழுத்திப் பார், வெடிப்பு தெரியும்.

பித்தளை மண்ணெண்ணெய் ஸ்டவ்வை விற்காதே. கேஸ் இலேசுதான், ஒருவருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க அதுவே உத்தமம். ஆனால் பியூட்டேன் கொதிநிலை −0.5 டிகிரி, உறைகுளிரில் வெறும் பியூட்டேன் குடுவையிலிருந்து வாயு வராது. ஐசோபியூட்டேன் கலந்தது −10 பக்கம் வரை தாங்கும். காற்றுத் தடுப்பைக் குடுவையைச் சுற்றி வளைத்து மூடாதே, சூடேறி வெடிக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு எந்தக் குளிரும் பொருட்டல்ல. பற்றவைக்குமுன் சூடாக்க ஸ்பிரிட் வேண்டும், பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் காற்று ஏறாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

இலேசு என்றால் புதுத் துணி என்று நினைக்காதே. 1955-ல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி 67 வயதில் அமெரிக்காவின் நெடிய மலைப்பாதையான அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்தார். தானே தைத்த துணிப்பை, கான்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. டென்ட்டே கிடையாது!

எடை எழுதிய பட்டியலை எனக்கு அனுப்பு. டென்ட் முளைகளையும் கயிறுகளையும் சேர்த்து நிறு. அவற்றைத்தான் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
ராசு