சராசரியைப் பார்த்துச் சர்வர்களை ஒன்றாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி வீதிகளின் மொத்த வியாபாரக் கடைகள் முதல் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வரை பில்லிங், இருப்பு, கணக்கு எல்லாம் வாடகைச் சர்வர்களுக்கு மாறிவரும் நிலையில், பல சர்வர்களை ஒரே இயந்திரத்தில், மென்பொருளால் தனிச் சர்வர் போலவே இயங்கும் மெய்நிகர் சர்வர்களாக அடக்கிச் செலவைக் குறைப்பதாக ஹோஸ்டிங் நிறுவனங்கள் சொல்வதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முறையில் குறையில்லை. தனியாக ஓடும் சர்வரின் பிராசசர் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. மின்சாரமும் ஏசியும் மட்டும் ஓய்வதில்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு அளித்த வசதி, 2007-ல் கேவிஎம் என்ற மெய்நிகர் சர்வர் மென்பொருள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்தபின் சிறு நிறுவனங்களுக்கும் எட்டியது.

ஆனால், ஒருவர் ஓய்ந்திருக்கும்போது இன்னொருவர் பயன்படுத்துவார் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. நம் ஊர் ஹோஸ்டிங்காரரின் வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் ஒரே வகை வியாபாரிகள். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி என்று கெடு நெருங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் அறிக்கை எடுப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் அப்படியே. மாதச் சராசரி பத்து சதவீதம் என்று வரைபடம் காட்டிக்கொண்டிருக்க, அந்த மாலையில் பில் திரை உறைந்து நிற்கும். லினக்ஸ் சர்வரில் 'டாப்' கட்டளை கொடுத்தால் பிராசசர் வரியின் கடைசியில் 'எஸ்டி' என்றொரு எண் வரும். அது ஏறினால் நம் சர்வருக்கு வரவேண்டிய முறையை, இயந்திரத்தைப் பங்கிட்டுத் தரும் மென்பொருளான ஹைப்பர்வைசர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது என்று பொருள். மெமரியைக் கூட்டி வாங்கினாலும் இது தீராது.

2023 நவம்பரில், மெய்நிகர் சர்வர் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியபின் நிரந்தர உரிமம் நின்று, கோர் (பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கைப்படி சந்தா வந்துவிட்டது. ஒவ்வொரு கோரிலும் இன்னும் சிலரை நெருக்கும் ஆசை ஹோஸ்டிங்காரருக்கு வருவது இயல்பே.

இயந்திரம் பழுதானாலும் இதே நெருக்கடிதான். ஒன்று படுத்தால் அதன் சுமையை மற்றவை தாங்க இடம் காலியாக விடப்பட்டிருக்க வேண்டும். அதே டிஸ்க்கில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை (சர்வரின் அந்த நேர நிலையின் பதிவு) பேக்கப் என்று ஏற்கக் கூடாது. எனவே ஒரு பிராசசர் கோருக்கு எத்தனை மெய்நிகர் கோர் என்ற விகிதத்தையும், உச்ச நேரச் சுமையையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி வணிகர்கள் கேட்க வேண்டும். கையெழுத்திடும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் கண்ணெதிரே ஒரு இயந்திரத்தை அணைத்து, பில்லிங் எத்தனை நிமிடத்தில் மற்றதில் எழுகிறது என்று காட்டச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் பராமரிப்பாளர்,
கே.கே. நகர், மதுரை.