ராத்திரி இரண்டு மணிக்கு மணிப்பூர்

5 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் வாக்கெடுப்பு மணி அடித்துவிடும். நேற்றோடு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்தது, ஊருக்கு வந்து சேர்ந்தேன். முட்டி வலிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரா? நல்லது. ஆனால் அதைச் சாக்காக வைத்து நடைப்பயிற்சியை விட்டுவிடாதே.

டிவியில் என்னைப் பார்த்ததாகவும் நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததாகவும் எழுதினால் மறுக்க மாட்டேன். புதன்கிழமை காலை 11 மணிக்கு மக்களவைக்குள்ளே போனவர்கள், வியாழன் அதிகாலை மூன்று மணிவாக்கில்தான் வெளியே வந்தோம். முஸ்லிம்களின் அறக்கொடைச் சொத்துகளான வக்பு நிர்வாகத்தை மாற்றும் வக்பு திருத்த மசோதாவுக்கு 8 மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அது பன்னிரண்டைத் தாண்டிப் போயிற்று. ஆளும் கூட்டணியில் இருக்கிற தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் ஆதரவு என்று ஆனபிறகு முடிவில் யாருக்கும் சந்தேகமில்லை. 288க்கு 232. எங்கள் எதிர்க்கட்சிப் பக்கம் 232 பேர் அந்த நேரம்வரை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

திருச்செந்துறை விஷயத்தைக் கேட்டிருந்தாய். இந்த மசோதா வந்த நாளிலிருந்து திருச்சிப் பக்கத்து அந்தக் கிராமத்தின் பெயர் டெல்லியில் அடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. தன் நிலத்தை விற்கப் போன விவசாயியிடம், அது வக்பு சொத்து என்று சொல்லி வக்பு வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்டார்கள். பழங்காலக் கோயில் இருக்கிற ஊர் அது. அவர் குறை நியாயமானது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எங்கள் பக்கத்தில் பலர் அதைத் தொடாமலே பேசிவிட்டு உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து இந்த மசோதாவா? அரசு நிலமா வக்பு நிலமா என்று தகராறு வந்தால், கலெக்டருக்கு மேற்பட்ட பதவியில் இருக்கும் ஓர் அரசு அதிகாரி விசாரித்துச் சொல்வாராம். அரசே ஒரு கட்சிக்காரராக இருக்கிற வழக்கில் அரசு அதிகாரியே தீர்ப்பு சொல்வது எந்த ஊர் நியாயம்? இதைத்தான் நான் பேச நினைத்திருந்தேன். கட்சிகளின் பலத்துக்குத் தகுந்தபடிதான் நேரம் பிரிப்பார்கள், உனக்குத் தெரியும். எங்கள் மாதிரி கட்சியில் பின்வரிசைக்காரனுக்கு, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்பதற்குள் மணி அடித்துவிடும். முன்னுரையை விட்டுவிட்டு நேராக அந்த இடத்துக்கே போனேன், அவ்வளவுதான் முடிந்தது.

வாக்கெடுப்பைப் பற்றி எழுதினால் உன் பழைய மாணவர்களுக்குச் சொல்ல உதவும். எதிர்க்கட்சிகள் கொடுத்த திருத்தங்களை முதலில் ஒவ்வொன்றாகக் குரல் வாக்கெடுப்புக்கு விடுவார்கள். கடைசியில் டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு, கேட்டதும் மணி அடித்து, லாபியைக் காலி செய்து, கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பொத்தானை அழுத்தியும் வாக்கு பதிவாகாதவர்கள் கையைத் தூக்கினால் ஊழியர்கள் சீட்டு கொண்டு வருவார்கள். ஆதரவென்றால் பச்சை, எதிர்ப்பென்றால் சிவப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தூக்கக் கலக்கத்தில் பச்சைச் சீட்டுக்குக் கை நீட்ட, பின்னாலிருந்து நாலு பேர் கத்தி சிவப்பை வாங்கிக் கொடுத்தார்கள். முடிவை அறிவிக்கும்போது "திருத்தத்துக்கு உட்பட்டு" என்று ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக விளங்கியது.

சரி, நான் சொல்ல வந்தது இதுவல்ல. மசோதா நிறைவேறியதும் வீட்டுக்குப் போகலாம் என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் மணிப்பூரை எடுத்தார்கள், இரண்டு மணிக்கு!

தேதிகளைக் கொஞ்சம் பார். பிப்ரவரி 13 அன்று கூட்டத்தொடரின் முதல் பகுதி முடிந்து நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம். அன்று மாலையே மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சி அறிவிப்பு வந்தது. அரசியலமைப்பின் 356ஆவது பிரிவுப்படி இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். மார்ச் 10ஆம் தேதி நாங்கள் திரும்பக் கூடினோம். அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு மேல் அவை நடந்தது, பகல் வெளிச்சத்தில் ஒரு மத்தியானம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டத்தொடர் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். 2023 மே மாதத்திலிருந்து இனக் கலவரத்தில் எரிகிற மாநிலம் அது. 260 பேர் இறந்ததாக உள்துறை அமைச்சரே தன் பதிலில் சொன்னார். தீர்மானத்தை யாரும் முட்டுக்கட்டை போட்டுத் தடுக்கவில்லை. எங்கள் அணியிலும் ஆதரித்துத்தான் பேசினார்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டுக்கொண்டே. நிவாரண முகாம்களில் இருப்பவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று கேட்க வேண்டிய இடமே அந்த அவைதான். அங்கே கேள்வியும் அவசரம், பதிலும் அவசரம். பத்திரிகைகளோ எப்போதோ அச்சுக்குப் போய்விட்டன.

தோற்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். எண்ணிக்கை இருப்பவர்கள் ஜெயிக்கட்டும், ஜனநாயகத்தில் அது அவர்கள் உரிமை. எந்த விஷயத்தை எந்த நேரத்தில் எடுப்பது என்பதும் முழுக்க அவர்கள் கையிலேயே இருக்கிறது பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. மறுநாள் ராத்திரி மாநிலங்களவையிலும் அச்சு அசலாக இதே கதை. வக்பு மசோதா 128க்கு 95 என்று நிறைவேறி, அதற்குப் பின்னால் மணிப்பூர், விடியற்காலை நாலு மணிக்கு மேல்தான் அவை கலைந்தது.

நடுநிலையாக நின்று பேச ஒரு துணை சபாநாயகராவது இருக்கிறாரா என்றால், 2019இலிருந்து அந்த நாற்காலியே காலி. வழக்கமாக எதிர்க்கட்சிக்குக் கொடுக்கிற பதவி. கடைசியாக அதில் இருந்தவர் நம் கரூர் தம்பிதுரை. "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆவது பிரிவு. அந்தக் கூடிய விரைவு ஆறு வருஷமாக நடந்து வந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. நாங்கள் சீட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் வாஷிங்டனில் டிரம்ப் வரிப் பட்டியலை விரித்துக் காட்டினார். இந்தியாவுக்கு 26 சதவீதம். திருப்பூரில் உன் மருமகனுக்கு ஆர்டர்கள் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாய். வங்கதேசத்துக்கு நம்மைவிட அதிகமாகப் போட்டிருப்பதால் நமக்குக் கொஞ்சம் சாதகம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அமெரிக்கக்காரன் துணி வாங்குவதையே குறைத்தால் சாதகம் எங்கிருந்து வரும்? அவையில் இதைப் பற்றி முறையான விவாதம் நடக்கவில்லை, அதற்குள் கூட்டத்தொடரையே முடித்துவிட்டார்கள். எதற்கும் புது மெஷினுக்குக் கடன் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்.

நாளை பாம்பன் புதுப் பாலத்தைத் திறக்கப் பிரதமர் இலங்கையிலிருந்து நேராக வருகிறார். புதன்கிழமைதான் நம் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. மீனவர் பிரச்சினையை நாங்கள் அவசரப் பிரச்சினைகளைக் கிளப்பும் ஜீரோ நேரத்தில் எழுப்பாத கூட்டத்தொடர் கிடையாது. கொழும்பில் பேசிவிட்டு என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

வக்பு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, நேற்றே மனுக்கள் தாக்கலாகிவிட்டன. உங்கள் பக்கத்தில் வக்பு நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர்கள், பள்ளிவாசல் ஜமாத்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுது. மசோதாவைப் புகழ்கிறவர்கள் சொல்வதையும் விடாதே. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருவேன். வந்தால் உன் வீட்டில்தான் சாப்பாடு என்று தங்கச்சியிடம் சொல்லிவை. விருந்தெல்லாம் வேண்டாம், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்