காதல் கதையிலும் நமக்குக் காவலாளி வேடம்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவைப் படங்கள் இப்போது எல்லா இனத்தவருக்கும் இடம் கொடுக்கின்றன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் 2018இல் வெளிவந்த ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தீர்கள். அந்தக் கதை நடக்கும் சிங்கப்பூர்க்காரி நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படத்தின் சாதனையை நான் மறுக்கவில்லை. சீன வம்சாவளி நடிகர்களையே பெரும்பாலும் வைத்து ஒரு பெரிய ஹாலிவுட் நிறுவனம் இக்காலக் கதையை எடுத்தது 1993இல் வந்த ‘தி ஜாய் லக் கிளப்’புக்குப் பிறகு இதில்தான். நடுவில் 25 ஆண்டுகள்! சுமார் 3 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, ‘ஆசிய முகங்களை யார் பார்ப்பார்கள்’ என்று கேட்டவர்களின் வாயை அடைத்தது. சந்தோஷம்தான்.

சரி, அதில் சிங்கப்பூர் எப்படி இருக்கிறது? இங்கே ஏறத்தாழ நான்கில் ஒருவர் சீனர் அல்லாதவர். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. படத்திலோ மாநிற முகங்கள் கதவு திறந்துவிடுகின்றன, காவல் நிற்கின்றன. நாயகி ரேச்சலும் அவள் தோழியும் இரவில் காரில் அவள் காதலனின் குடும்ப மாளிகைக்குப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியோடு தெற்காசியக் காவலாளிகள் வந்து நிற்கிறார்கள், பெண்கள் மிரள்கிறார்கள், நாம் சிரிக்க வேண்டும். அந்தக் காவலாளியைப் போல இருக்கும் அப்பாவோடும் அண்ணனோடும் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? மலாய் இளவரசியாக வருபவர்கூட பிலிப்பினோ நடிகை கிறிஸ் அக்கினோதான்.

சண்டைப் படம் என்றால் இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காதல் நகைச்சுவையில் யார் வெட்கப்படுகிறார்கள், யார் அசடு வழிகிறார்கள், யாருடைய அம்மா குறுக்கே நிற்கிறார் என்பதுதான் கதையே. இந்த இரண்டு பேரும் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டுமே என்று ஊர் பேர் தெரியாதவர்களுக்காக நாம் தவிக்கிறோம். அந்தத் தவிப்பு நமக்காகவும் மற்றவர்களுக்கு வர வேண்டாமா?

2017இல் வந்த ‘தி பிக் சிக்’ படத்தில் நாயகன் பாகிஸ்தானியர். அம்மா பார்த்துவைக்கும் பெண்களின் புகைப்படங்களை அவன் ஒரு பெட்டிக்குள் போட்டுவைக்கிறான். காதலிப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை. நாயகனாக நடித்த குமைல் நன்ஜியானியின் சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் பெண்களின் கதைகள் வேண்டும்.

அப்படி ஒன்று வந்தும் காட்டிவிட்டது. 2020 முதல் 2023 வரை வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் நாயகி தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். தேவி கோபக்காரி, பொய் சொல்கிறாள், தோழிகளையே நோகடிக்கிறாள், ஒரே நேரத்தில் இரண்டு பையன்களோடு சுற்றி மாட்டிக்கொள்கிறாள். அப்பாவை இழந்த துக்கம் வேறு உள்ளே கிடக்கிறது. அடக்க ஒடுக்கமான நல்ல பெண்ணாக இருந்தால்தான் நம் பிள்ளைகளுக்குத் திரையில் இடம் என்பதை அவள் உடைத்துவிட்டாள். அதை நான் எவ்வளவு கொண்டாடினேன் என்று சொல்லி மாளாது.

இனி இதை இங்கேயே செய்யலாமே! சிங்கப்பூரில் பதிவாகும் திருமணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கலப்புத் திருமணம். காலையில் மாப்பிள்ளை வீட்டில் சீனத் தேநீர்ச் சடங்கை முடித்துவிட்டு, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் ஜோடிகள் நமக்குத் தெரியாதவர்களா? சம்பந்திகள் சிங்கிலிஷில், அதாவது நம் ஊர்க் கலப்பு ஆங்கிலத்தில், பேசிக்கொள்வதை வைத்தே அரைமணி நேரம் சிரிக்கவைக்கலாம். உள்ளூர்ப் படங்களுக்கு நிதி தருபவர்களிடமும், நம் இளம் இயக்குநர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அடுத்த இதழிலேயே என்றால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்