வெடிச்ச பல்லு கீழ, நரம்பு எடுத்தது மேல: உங்கட திருகோணமலை கிளினிக் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் பிரிவு, தலைமை அலுவலகம், கொழும்பு

வணக்கம்,

உங்கட திருகோணமலை கிளினிக்கில எனக்கு நடந்ததை எழுதுறன். போன் எடுத்தா அங்க கதைக்கிற மிஸ் "நோட் பண்ணிட்டம், திருப்பி எடுப்பம்" எண்டு சொல்லுறா, ஒருத்தரும் திருப்பி எடுக்கிறேல்ல, அதால இனி எழுத்திலதான் எண்டு முடிவெடுத்திட்டன். விசயம் இதுதான்: எனக்கு வெடிச்சிருந்தது வலப்பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லு, நீங்க நரம்பு எடுத்தது அதே பக்கம் மேல் பல்லில. உங்கட பில்லில 16 எண்டு போட்டிருக்கு, வெடிப்பு இருக்கிறது 46ல. (பல்லு நம்பர் 1ல தொடங்கினா வலது மேல், 4ல தொடங்கினா வலது கீழ். உங்கட புண்ணியத்தில இந்தக் கணக்கெல்லாம் இப்ப எனக்குப் பாடம்.)

என்ட நோவு எப்பிடி எண்டா, சோறு சாப்பிடேக்க ஒண்டும் இல்ல, ஆனா கச்சான், முறுக்கு, நண்டுக்கால் எண்டு கொஞ்சம் கடினமா ஏதும் அந்தப் பக்கத்தால கடிச்சிட்டு விடேக்க சுரீர் எண்டு ஒரு இழுவை, ஒரு செக்கன்தான், பிறகு இருந்த இடம் தெரியாது. கடிக்கேக்க இல்ல, விடேக்க. ஐஸ் தண்ணிக்கும் கூசும். ஒவ்வொரு நாளும் வராது, நேற்று நொந்த அதே கச்சான் இண்டைக்கு ஒண்டும் செய்யாது. மேலயா கீழயா எண்டு கேட்டா வலப்பக்கம் எண்டு மட்டும்தான் என்னால சொல்ல ஏலும். இதை ஒரு சொல்லும் விடாம உங்கட டொக்டரிட்ட சொன்னன். வெடிச்ச பல்லுக்கு இதுதான் பாடப்புத்தகத்தில இருக்கிற அடையாளம் எண்டு பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, கிராக்ட் டூத் சிண்ட்ரோம் எண்டு 1964லயே பேர் வச்சு எழுதிப்போட்டாங்கள், ஏதோ போன கிழமை கண்டுபிடிச்ச வருத்தம் இல்ல.

கீழ்ப் பல்லில பள்ளிக்கூட டென்டல் கிளினிக் மிஸ் அந்தக் காலத்தில அடைச்ச பெரிய வெள்ளி பில்லிங் ஒண்டும் இருக்கு. இப்பிடிப் பழைய பெரிய பில்லிங் இருக்கிற கீழ்க் கடைவாய்ப் பல்லு வெடிக்கிறது சாதாரணமாம். உங்கட எக்ஸ்ரேயிலயும் அது வெள்ளையா பளிச்செண்டு தெரிஞ்சது. ஏதும் கல்லுக் கில்லுக் கடிச்சனீங்களா, நித்திரையில பல்லு நெருடுறனீங்களா எண்டு ஒரு கேள்வி இல்ல.

எக்ஸ்ரேயைத் திரையில பெருசாக்கிக் காட்டி "கிளீன், வெடிப்பு ஒண்டும் இல்ல" எண்டவர். எக்ஸ்ரே கிளீன் எண்டா வெடிப்பு இல்ல எண்டு அர்த்தம் இல்லயாமே! கடைவாய்ப் பல்லில வெடிப்பு கூடுதலா முன்னுக்கிருந்து பின்னுக்குத்தான் ஓடும், எக்ஸ்ரே கதிர் கன்னப் பக்கத்தால வருது, அப்ப ஒரு கடதாசியை விளிம்பால பார்க்காம முகத்துக்கு நேர பிடிச்சுப் பார்த்த மாதிரி, கோடு எங்க தெரியும்? இது எனக்குத் தெரியாம இருக்கலாம், கடை வச்சிருக்கிற ஆள் நான். பல்லு கிளினிக் நடத்துற கொம்பனிக்குத் தெரியாம இருக்கலாமா?

அதுக்குப் பிறகு மேல் பல்லை ரெண்டு தட்டு தட்டிப் பார்த்திட்டு, "நரம்பு பழுதாகியிருக்கு, ரூட் கனால் செய்தா சரி" எண்டாச்சு. உங்கட ரிப்போர்ட்டிலயே அந்தப் பல்லில சூத்தை இல்ல எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து வாங்கின படிவம் முழுக்க இங்கிலீசில, கவுண்டரில நிண்ட தங்கச்சி "இதில சைன் வைங்க அங்கிள்" எண்டு இடத்தை மட்டும் விரலால காட்டினவ. 38,500 ரூபா கட்டினன். விறைப்பு இறங்கி அடுத்த நாள் ஒரு முறுக்குக் கடிச்சன், அதே சுரீர், அதே இடம். திரும்பி வந்து சொன்னா "செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்", பிறகு வந்தா "கேப் போட்டா நிக்கும்", கேப்புக்கு, அதுதான் பல்லுக்கு மேல போடுற உறைக்கு, வேற விலைப் பட்டியல். கடைசியா உங்கட பைலில "நோயாளி பதட்டமானவர்" எண்டு எழுதியிருக்கிறதை என்ட கண்ணாலயே பார்த்தன். நொந்தவன் பதட்டப்படாம பாட்டா பாடுவான்?

பிறகு கவன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனன். வெளியில நல்ல கூட்டம், வாங்கில இருந்து இருந்து முதுகு நொந்தது, அது வேற கதை. உள்ள இருந்த டொக்டரம்மா நான் "விடேக்கதான் நோகுது" எண்டு சொன்ன உடனே எக்ஸ்ரே பக்கம் போகேல்ல. சின்ன பிளாஸ்டிக் குச்சி மாதிரி ஒண்டை எடுத்து, பல்லில இருக்கிற முகடு ஒவ்வொண்டிலயும் தனித்தனியா வச்சு, "கடிங்க, இறுக்கிக் கடிங்க, இப்ப விடுங்க" எண்டா. மேல் பல்லில ஒண்டும் இல்ல. கீழ்ப் பல்லில முன் முகடு, ஒண்டும் இல்ல. நாக்குப் பக்கம் பின் முகட்டில வச்சுக் கடிச்சிட்டு விட்டன், கதிரையில இருந்து எழும்பிட்டன். "இதுதான் ஆள்" எண்டு சிரிச்சா. கடிக்கேக்க வெடிப்பு விரியுது, விடேக்க டக்கெண்டு மூடுது, அந்த அசைவுதான் நரம்பைச் சுண்டுது எண்டு விளங்கப்படுத்தினா.

பிறகு லைட்டை அணைச்சிட்டு சின்ன டோர்ச் ஒண்டைப் பல்லோட ஒட்டிப் பிடிச்சு, எனக்குக் கையில கண்ணாடி தந்தா. வெளிச்சம் பாதிப் பல்லு வரைக்கும் வந்து ஒரு கோட்டில நிண்டிட்டு, அங்கால இருட்டு. பழைய பில்லிங்கைக் கழட்டி நீலச் சாயம் பூசிக் கழுவினா, அடியில முன்னுக்கிருந்து பின்னுக்கு நூல் மாதிரி நீலக் கோடு. பல்லு முரசைச் சுத்தி அளந்து பார்த்து ஒரு இடத்திலயும் ஆழமாக் குழி விழேல்ல, அதால வேர் வரைக்கும் பிளந்திருக்கிற மாதிரித் தெரியேல்ல, பல்லைப் புடுங்கத் தேவையில்ல எண்டா. குளிர் வச்சுப் பார்த்தா, குளிரை எடுத்த கையோட கூச்சம் போயிட்டுது, அப்ப நரம்பும் உயிரோடதான், ரூட் கனால் இப்ப தேவையில்ல. பல்லைச் சுத்தி ஒரு மெட்டல் வளையம் ஒட்டி, கடி படுற இடத்தைக் கொஞ்சம் ராவி விட்டா. வளையம் போட்டதில இருந்து அந்தச் சுரீர் வரேல்ல. இனி கேப் போடவேணும், எலும்பு மாதிரி பல்லு வெடிப்புத் திரும்ப ஒட்டாது, கேப்தான் இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கும், அதுக்குப் பிறகும் சிலபேருக்கு நரம்பு எடுக்க வரலாம் எண்டதையும் மறைக்காமச் சொன்னா.

இதில எந்தச் சாமான் உங்கட கிளினிக்கில இல்ல, சொல்லுங்க? கடிக்கிற குச்சி, டோர்ச், கொஞ்சம் சாயம், கொஞ்சம் குளிர். ஏசி, டிவி, சுவரில பெரிய பல்லுப் படம் எல்லாம் இருக்கு. உங்கட விலைப் பட்டியலில எக்ஸ்ரேக்கு விலை இருக்கு, ரூட் கனாலுக்கு விலை இருக்கு, கடிச்சுப் பார்க்கிறதுக்கு விலை இல்ல, அதாலதான் செய்யேல்லயோ எண்டும் யோசிக்கிறன். பல்லு நோவில மேல் கீழ் மாறித் தெரியிறது புதுசில்ல, அதனாலதான் முதல் சோதிக்கவேணும் எண்டுறது.

எனக்கு உள்ள பெரிய மனவருத்தம் அந்த மேல் பல்லு. சூத்தை கூட இல்லாத பல்லைத் துளைச்சு நரம்பை எடுத்துப்போட்டு, இப்ப அதுக்கும் கேப் போடாட்டி அதுவும் ஒரு நாள் வெடிக்குமாம். வெடிச்ச பல்லு ஒண்டோட வந்தவனை ரெண்டு கேப் போடுற ஆளாக்கி அனுப்பியிருக்கிறீங்க.

நான் கேக்கிறது இவ்வளவும்தான். கட்டின 38,500 ரூபாவைத் திருப்பித் தரவேணும். மேல் பல்லுக் கேப்புக்கு வாற செலவு உங்கட பொறுப்பு. என்ட எக்ஸ்ரே, பைல், அந்தப் "பதட்டமானவர்" எழுதின பக்கம் உட்பட எல்லாத்திலயும் பிரதி வேணும். மேல் பல்லு எண்டு எதை வச்சு முடிவெடுத்தனீங்க எண்டதுக்கு விளக்கம் தமிழில, எழுத்தில வேணும். பில், ரிப்போர்ட், ஆஸ்பத்திரித் துண்டு மூண்டையும் இதோட இணைச்சிருக்கிறன்.

ரெண்டு கிழமைக்குள்ள பதில் வராட்டி, 2006ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்தின் கீழ இருக்கிற தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு இந்தக் கடிதத்தின் பிரதி போகும், நுகர்வோர் அதிகார சபையின்ட 1977 எண்ட போன் நம்பருக்கும் அடிப்பன். உங்கட மனேஜர் "வாங்க, மேல் பல்லுக்கு டிஸ்கவுண்டில கேப் போட்டுத் தாறம்" எண்டவர். நான் வரமாட்டன். காசாத் தாங்க, கேப்பை நான் வேற இடத்தில போட்டுக்கொள்ளுறன்.

இப்படிக்கு,
உங்கட வாடிக்கையாளர்,
உப்புவெளி, திருகோணமலை