மெசேஜ் வந்தது, காசு வந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் புறப்படும் குடும்பங்கள் பிரிட்ஜ், தையல் மெஷின், தொலைபேசி என்று பாவித்த சாமான்களை இப்போது பேஸ்புக்கிலும் இக்மன் விளம்பரத் தளத்திலும் போட்டுத்தான் விற்கின்றன. பாவித்த தொலைபேசியும் மடிக்கணினியும் வாங்கி விற்பது எங்கள் தொழில். விற்பவர் எந்த இடத்தில் வழுக்கி விழுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். விலை பேசும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ‘காசு போட்டுவிட்டேன்’ என்று மறுமுனையில் சொன்ன பிறகுதான் கவனம் போய்விடுகிறது.

தொலைபேசிக்கு வரும் மெசேஜ் காசு அல்ல. தொகையும் ‘கிரெடிட்டட்’ என்ற சொல்லும் இருந்தால் வங்கி அனுப்பியதாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்த வாசகத்தை யாரும் தட்டி அனுப்பலாம். அனுப்பியவர் பெயராக வங்கியின் பெயரே தெரியும்படியும் செய்ய முடியும். அப்படி வந்த மெசேஜ், வங்கி முன்பு அனுப்பிய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். வட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். தொகையையும் திகதியையும் மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றாத படமாகவும் இருக்கலாம்: நாளைக்குப் போகும்படி இன்று ஆணை கொடுத்து, அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, ஆணையை இரத்துச் செய்துவிடுவார்கள்.

‘வேறு வங்கி, 24 மணித்தியாலம் ஆகும், நீங்கள் பார்சலை பஸ்ஸில் போட்டுவிடுங்கள்’ என்பார்கள். இலங்கையில் செஃப்ட்ஸ் முறையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு அனுப்பும் காசு, இரவானாலும் ஞாயிறானாலும் சாதாரணமாகச் சில விநாடிகளில் சேர்ந்துவிடும். சேரவில்லையா, காரணம் எதுவாகவும் இருக்கட்டும், சாமான் வீட்டைவிட்டு நகரக் கூடாது. லயத்தில் சிக்னல் இல்லை, வங்கிச் செயலி திறக்கவில்லை என்றால் டவுனுக்கு இறங்கி ஏ.டி.எம்.மில் மீதியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கணக்கில் தொகை தெரிந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. அது காசோலை வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் கணக்கில் ஒரு காசோலையைப் போட்டுவிட்டு, வைப்புச் சீட்டை அனுப்புவார்கள். மொத்த மீதி கூடியிருக்கும். ஆனால் ‘எடுக்கக்கூடிய மீதி’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அது பழையபடியே நிற்கும். காசோலை மாறுவதற்கு அடுத்த வேலை நாளாவது ஆகவேண்டும். இடையில் சனி, ஞாயிறு, அதோடு ஒரு போயாவும் சேர்ந்தால் நான்கு நாள் போய்விடும். காசோலை திரும்பி வரும்போது தொலைபேசி யார் கையில் இருக்கிறதோ! இதிலேயே இன்னொரு கொக்கியும் உண்டு. 60,000 ரூபாய்ச் சாமானுக்கு 85,000 போட்டுவிட்டு, ‘தவறுதலாகக் கூடப் போட்டுவிட்டேன், 25,000-ஐத் திருப்பி அனுப்புங்கள், அவசரம்’ என்பார்கள். அனுப்பினால் சாமானும் போய், கைக்காசு 25,000-உம் போய்விடும்.

இவற்றையெல்லாம்விட மோசமானது, உண்மையான காசே வந்து சேரும் ஏமாற்று. ஹட்டனில் நீங்கள் ஒரு தொலைபேசியை 55,000-க்குப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவன் உங்கள் படங்களை எடுத்துத் தன் பெயரில் விளம்பரம் போடுகிறான். குருநாகலில் ஒருவர் அதை நம்பி வாங்க வருகிறார். அவரிடம் உங்கள் கணக்கு இலக்கத்தைத் தன்னுடையது என்று கொடுக்கிறான். அவர் 55,000 போடுகிறார். உங்களிடம் ‘மச்சான் போட்டிருக்கிறார், பாருங்கள்’ என்று சொல்லி, ஆள் அனுப்பித் தொலைபேசியை எடுத்துக்கொள்கிறான். குருநாகல்காரர் பொலிஸுக்குப் போகும்போது அவர் கையில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் கணக்கு இலக்கமும் மட்டும்தான். ஒரு குற்றமும் செய்யாத உங்கள் கணக்கு முடக்கப்படலாம். ஆகவே ஆள் நேரில் வந்து சாமானைப் பார்க்கும்வரை கணக்கு இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். காசு போட்டவரின் பெயரும் வந்தவரின் அடையாள அட்டைப் பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சாமானைக் கொடுக்க வேண்டாம். வந்த காசைத் திருப்புவதானாலும் வங்கிக்குப் போய், அது வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். அவன் சொல்லும் வேறு கணக்குக்கு ஒரு சதமும் போகக் கூடாது. சாமானைக் கொடுத்தால் இரண்டு பிரதிகளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: திகதி, தொகை, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசியானால் *#06# அடித்து வரும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம்.

காசு பெற உங்களிடமிருந்து தேவைப்படுவது பெயர், கணக்கு இலக்கம், வங்கி, கிளை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. அடையாள அட்டைப் படத்தையும், பிறகு தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்டால், உங்கள் கணக்கைத் தங்கள் செயலியோடு இணைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஜஸ்ட்பே வசதி அப்படி இணைப்பதற்குத்தான் இருக்கிறது, ஓ.டி.பி. அதன் கடைசிச் சாவி. கியூஆரை ஸ்கேன் செய்வதும் காசு கொடுப்பவரின் வேலை, காசு பெறுபவரின் வேலை அல்ல. ‘கூரியர் லிங்கில் கார்ட் இலக்கத்தைப் போட்டால் காசு வரும்’ என்பதும் பொய்தான்.

கைக்காசாக வாங்குவதே நல்லது, வங்கிக் கிளைக்குள் வைத்து வாங்குவது இன்னும் நல்லது. மாலை இருட்டி மூடுபனி இறங்கிய பிறகு ரோட்டோரத்தில் நோட்டு எண்ண வேண்டாம். 5,000 ரூபாய் நோட்டின் முகப்பில் நம் மஸ்கெலியாப் பக்கத்துக் கெனியன் அணை இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பறவையின் நீர்க்குறியும் தொகையும் தெரிய வேண்டும்.

ஏமாந்துவிட்டால் முதல் அரைமணி நேரம் பெரிது. கார்ட்டின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து ஒன்லைன் வசதியையும் கார்ட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், காசு போய்ச் சேர்ந்த வங்கிக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் அதிகம். அதுதான் சாட்சி, அழிக்காதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் இலக்கம் 101. வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935.

வங்கிகளிடமும் ஒன்று கேட்கிறோம். மெசேஜ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் காசோலை வைப்பும் காசு வைப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். மலையகக் கிளைகளின் வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் மெசேஜ் அனுப்புங்கள். அதுவரை, வைப்பு இயந்திரத்தின் மேல் ‘காசோலை மாறும்வரை இந்தக் காசு உங்களுடையதல்ல’ என்று பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளாவது ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
பாவித்த தொலைபேசி, மடிக்கணினி விற்பனையாளர்கள்,
ஹட்டன்.