வெள்ளி ஜெபக்கூடுகை: எல்லாரும் படித்துவிடுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வெள்ளி இரவு 7.30-க்கு வழக்கம்போல மாடி அறையில் கூடுகிறோம்.

"ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை" என்று இரண்டு மூன்று பேர் தனியாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். மூன்று வாரமாக என் வேதாகமத்தின் சிவப்பு நாடா ஒரே பக்கத்தில் கிடக்கிறது. முழங்கால் போட்டால் கரண்ட் பில்லும் பையனின் ஃபீஸும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அதனால் இந்த முறை பிரசங்கம் கிடையாது. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் மட்டும் வாசிப்போம். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, இங்கே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். வந்த தூதன் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம். அப்புறம் மறுபடியும் சாப்பாடு. 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் கர்த்தர் கேள்வியே கேட்கிறார். (நம்மில் பாதிப் பேர் முதலில் தூங்கவேண்டியவர்கள் என்பது என் அபிப்பிராயம்.)

முடிந்தால் சங்கீதம் 88-ஐ வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள். கடைசி வசனம்வரை ஆறுதலே இல்லாத ஜெபம் அது.

சாட்சி சொல்ல யாரையும் கூப்பிடமாட்டோம். சும்மா வந்து உட்கார்ந்தாலும் சரி. வரமுடியாதவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள், சுண்டல் அளவு தெரியவேண்டும்.